சிறுவர்களுக்கான அச்சப் படம்: 'கோரலைன்' எங்கே வெல்கிறது, எங்கே தளர்கிறது?

கேள்வி – மழைப்பூனை

அனைவருக்கும் வணக்கம். 2009ஆம் ஆண்டு வெளிவந்த 'கோரலைன்' என்னும் ஸ்டாப் மோஷன் படத்தை (பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படமெடுக்கும் முறை) என் மகளுக்குக் காட்டலாமா என்று முடிவு செய்வதற்காக, முதலில் நான் மட்டும் தனியாக இரண்டு முறை பார்த்தேன். அவளுக்கு 9 வயது. பேய்க்கதை என்றால் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, அதே நேரத்தில் "அப்புறம்?" என்றும் கேட்கிற ரகம். ஆகவே அச்சம் என்ற ஒரே காரணத்துக்காகப் படத்தை ஒதுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் படத்தின் முதல் இரண்டு நிமிடங்களே என்னைத் தயங்க வைத்துவிட்டன.

ஊசிகளால் ஆன விரல்கள் ஒரு துணிப் பொம்மையை மேசைமேல் கிடத்துகின்றன. அதன் முடியை வெட்டி, பொத்தான் கண்களைப் பிடுங்கி, வாய்த் தையலைப் பிரித்து, உள்ளிருக்கும் திணிப்பை வெளியே இழுத்துவிட்டு, வெறும் தோலாகிப்போன துணியைப் புரட்டிப் புதிதாகத் தூள் நிரப்புகின்றன. ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. பின்னணியில் எந்த மொழியிலும் சேராத சொற்களைக் குழந்தைகள் மென்மையாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ கைத்தொழில் விளக்கப்படம் போலத்தான் அது இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து முடித்தபோது என் கை தானாகவே என் கண்ணருகே போயிருந்தது.

நான் கேட்க விரும்புவது இதுதான். இந்தப் படத்தைச் சிறுவர் படங்களில் மிகச் சிறந்த ஒன்று என்று பலர் சொல்கிறார்கள். 2010ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதுக்குச் சிறந்த அனிமேஷன் பட வரிசையில் பரிந்துரைக்கப்பட்டது என்பதும், 2024ஆம் ஆண்டு திரையரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டது என்பதும் தெரியும். எனக்கோ முதல் பாதி மிகவும் பிடித்தது. பிற்பாதியில் எங்கேயோ பிடி தளர்ந்ததாகத் தோன்றியது. எது தளர்ந்தது என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. இந்தப் படத்தின் பலமும் பலவீனமும் எவை என்று, பார்த்தவர்கள் சற்று விரிவாக எழுத முடியுமா? கதையின் முடிவு வரை பேசலாம்; இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இந்த இடத்திலேயே விலகிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1 – மரப்பாச்சி

உங்கள் கை கண்ணருகே போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் படத்தின் பலம் முழுவதும் அடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

பார்க்காமலேயே படித்துக்கொண்டிருக்கும் பிடிவாதக்காரர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 11 வயதுச் சிறுமி கோரலைன் தன் பெற்றோருடன் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறாள். அம்மாவும் அப்பாவும் தோட்டக்கலை விவரப்பட்டியலுக்கு எழுதிப் பிழைப்பவர்கள்; ஆனால் மண்ணைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள். வேலைக்குக் கெடு நெருங்குவதால் மகளை நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை. அந்த வீட்டின் சுவரில், ஒட்டுக்காகிதத்தின் அடியில், ஒரு சிறிய கதவு. பகலில் திறந்தால் செங்கல் அடைப்பு. இரவில் திறந்தால் ஒரு சுரங்கவழி. அதன் மறுமுனையில் அதே வீடு, அதே அம்மா, அதே அப்பா. ஆனால் எல்லாமே மெருகேற்றப்பட்டது: சுடச்சுட உணவு, பாட்டு, அவள் முகத்தின் வடிவிலேயே பூத்திருக்கும் தோட்டம். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் எல்லோருக்கும் கருப்புப் பொத்தான்கள்.

சிறுவர்களுக்கான பேய்ப் படங்கள் பெரும்பாலும் பூச்சாண்டி காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. கதவு திடீரென்று அறையும், இசை ஓங்கும், ஏதோ ஒன்று திரையின் ஓரத்திலிருந்து பாயும்; பிள்ளைகள் கத்திவிட்டுச் சிரிப்பார்கள். இந்தப் படம் வேறு கணக்குப் போடுகிறது. இங்கே அச்சம் வெளியிலிருந்து வருவதில்லை. அந்தப் பிள்ளையின் ஆசையிலிருந்தே வருகிறது. அம்மா நம்மைக் கவனிக்கவில்லையே என்று ஏங்காத குழந்தை உண்டா? அந்த ஏக்கத்தை ஒருத்தி எங்கோ இருந்து ஒட்டுக்கேட்டு, கவனிப்பதையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவளிடம் அன்பு இருக்கிறது. ஆனால் அது பசியோடு கலந்த அன்பு.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் கடைசியில் வரும் சிலந்திச் சண்டை அன்று. பொத்தான் பெட்டிக் காட்சிதான். சாப்பாட்டு மேசையின்மேல் நாடா கட்டிய ஒரு சிறு பரிசுப் பெட்டி நகர்த்தப்படுகிறது. திறந்தால் இரண்டு கருப்புப் பொத்தான்களும் நூலும் ஊசியும். இங்கேயே இருந்துவிடலாம், ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் செய்யவேண்டும் என்கிறாள் இன்னொரு அம்மா. கருப்புதான் வழக்கம், ஆனால் உனக்கு வேறு நிறம் பிடித்தாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கறையோடு தேர்வும் தருகிறாள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, மறுக்கும் உரிமைதான் இல்லை என்பது பிள்ளைக்குப் புரிகிற கணம் அது. கோரலைன் அங்கே கூச்சலிடவில்லை, அழவில்லை. களைப்பாக இருக்கிறது, சீக்கிரம் படுக்கப்போகிறேன் என்று பேச்சை மாற்றி நழுவப் பார்க்கிறாள். பெரியவர்களிடம் மாட்டிக்கொண்ட குழந்தைகள் உண்மையில் இப்படித்தான் தப்பிக்க முயல்வார்கள். இந்த நுட்பம் தெரிந்த எழுத்தைச் சிறுவர் படங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

கண்ணை இழப்பது பற்றிய அச்சம் மிகப் பழையது. பழகிய ஒன்று சற்றே பிசகி நிற்கும்போது எழும் திகிலைப் பற்றி 1919ஆம் ஆண்டு உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு எழுதிய கட்டுரை, குழந்தைகளின் கண்களைப் பறிக்கும் ஓர் உருவத்தைப் பற்றிய ஜெர்மானியக் கதையை வைத்தே பேசுகிறது. அவர் அதிலிருந்து எடுத்த முடிவுகளையெல்லாம் நான் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே, வீட்டின் வடிவிலேயே வருகிற அச்சம்தான் ஆழமானது என்ற அளவில் அவர் சொன்னது சரி என்பதற்கு இந்தப் படமே சாட்சி.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோரலைன் அந்த வீட்டைவிட்டுத் தப்பிக்கப் பூனையோடு தோட்டத்தைக் கடந்து நடக்கிறாள். நடக்க நடக்க மரங்கள் தம் வடிவை இழந்து, வெறும் கோடுகளாகி, கடைசியில் எதுவுமே இல்லாத வெண்மை மட்டும் எஞ்சுகிறது. இன்னும் நடந்தால், எதை விட்டு விலகினாளோ அதே வீடு எதிரில் வந்து நிற்கிறது. அவளைக் கவர எவ்வளவு தேவையோ அவ்வளவு உலகத்தை மட்டுமே இன்னொரு அம்மா படைத்திருக்கிறாள். இரத்தமும் இல்லாமல் பல்லும் இல்லாமல் ஒரு சிறைச்சாலையைக் காட்டிவிட்டார்கள்.

பலவீனங்கள் என்று எனக்குப் பெரிதாக எதுவும் படவில்லை. சற்று ஒருதலையாக எழுதுகிறேன் என்பது தெரிகிறது. மற்றவர்கள் சமன் செய்யட்டும்.

மறுமொழி 2 – பழைய வாசகர்

மரப்பாச்சி அவர்கள் கேட்டுக்கொண்டபடி சமன் செய்ய வந்திருக்கிறேன். நானும் இந்தப் படத்தை விரும்புகிறவன்தான். ஆனால் கேள்வி கேட்டவர் உணர்ந்த தளர்ச்சி உண்மையானது என்றும், அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு என்றும் நினைக்கிறேன்.

முதல் காரணம் அந்த விளையாட்டு. இன்னொரு அம்மாவிடம் கோரலைன் ஒரு பந்தயம் கட்டுகிறாள்: கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் மூன்று ஆவிக் குழந்தைகளின் கண்களையும், காணாமற்போன தன் பெற்றோரையும் கண்டுபிடித்துவிட்டால் எல்லோருக்கும் விடுதலை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்பின் நடப்பதைப் பாருங்கள். தோட்டத்தில் ஒரு கண், நாடக அரங்கில் ஒரு கண், சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு கண்; ஒவ்வோர் இடத்திலும் ஒரு காவல் உருவம்; ஒவ்வொன்றும் கிடைத்ததும் அந்த இடம் சாம்பல் நிறக் கல்லாக உறைந்துபோகிறது. அவளிடம் இருக்கும் துளையிட்ட ஒரு பச்சைக் கல்லைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் தேடிய பொருள் தானாகவே ஒளிர்கிறது. அவள் யோசிக்கவேண்டியதே இல்லை. சுற்றிப் பார்த்தால் போதும். முதல் பாதியில் கவனித்துக் கவனித்து முன்னேறிய ஒரு பெண், இங்கே வீடியோ கேம் ஆடுபவளாகிவிடுகிறாள். மூன்று பொருள்களைச் சேகரிக்கும் வரிசை சலிப்புத் தட்டாமல் இருப்பதற்காக ஒவ்வொரு காட்சியையும் முந்தையதைவிட ஆர்ப்பாட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். ஆர்ப்பாட்டம் கூடக் கூட, அந்தப் பரிசுப் பெட்டி தந்த நடுக்கம் குறைகிறது.

கடைசியில் இன்னொரு அம்மா முழுச் சிலந்தியாக மாறுவதும் இதே வகைதான். அவள் அம்மாவைப் போலவே இருந்தபோது அச்சமாக இருந்தது. கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் மெலிந்து, கன்ன எலும்பு துருத்தியபோது இன்னும் அச்சமாக இருந்தது. விரிசல் விழுந்த பீங்கான் முகமும் ஊசிக் கால்களுமாக ஒரு பூதமாகிவிட்டபோது, எனக்குள் இருந்த குழந்தை நிம்மதியாகவே மூச்சுவிட்டது. பூதத்தை வெறுப்பது எளிது. அம்மாவை வெறுப்பதுதான் கடினம்.

இரண்டாவது காரணம் வைபி என்ற பையன். 2002ஆம் ஆண்டு வெளிவந்த மூல நாவலில் இப்படியொரு பாத்திரமே கிடையாது. படத்துக்காகச் சேர்க்கப்பட்டவன் அவன். நாவலில் அவள் நினைப்பதை எழுத்தே சொல்லிவிடுகிறது. படத்தில் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிய முடியாது, அதனால் பேச்சுத்துணைக்கு ஒருவன் தேவைப்பட்டான். இது நியாயமான தேவை. ஆனால் பேச்சுத்துணைக்கு வந்தவனைக் கடைசியில் காப்பாற்றுபவனாகவும் ஆக்கியதை என்னால் ஏற்கமுடியவில்லை.

நாவலில் முடிவு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்னொரு அம்மாவின் துண்டிக்கப்பட்ட கை, அந்தச் சிறிய கதவின் சாவியைத் தேடி இந்த உலகத்துக்கு வந்துவிடுகிறது. கோரலைன் பழைய கிணற்றின் வாயில் ஒரு விரிப்பை விரித்து, பொம்மைகளுக்கு விருந்து வைப்பதுபோல விளையாடுகிறாள். சாவியை நடுவில் வைத்துவிட்டு, சிறுபிள்ளை விளையாட்டு என்று தோன்றும்படி நடிக்கிறாள். கை பாய்கிறது, விரிப்போடு கிணற்றுக்குள் போய்விடுகிறது. குழந்தைகளின் விளையாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதையே ஆயுதமாக்கிக்கொண்ட முடிவு அது. படத்திலோ அவள் கிணற்றங்கரையில் கையிடம் மாட்டிக்கொண்டு தரையில் இழுபடுகிறாள். வைபி மிதிவண்டியில் பாய்ந்து வருகிறான். கல்லைப் போட்டு நசுக்குகிறான். முக்கால் மணி நேரம் தனியாக நின்று சமாளித்தவளுக்குக் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒருவன் வந்துதான் ஆகவேண்டுமா?

மூன்றாவதாக ஒரு சிறு குறை. உண்மையான அம்மா திரும்பி வந்தபின், தான் பனி பொழிவதுபோல் காட்டும் கண்ணாடி உருண்டைக்குள் அடைபட்டிருந்ததே அவளுக்கு நினைவில்லை. மகள் பட்ட பாடு யாருக்கும் தெரியாமலேயே போகிறது. கடையில் வாங்கித் தர மறுத்த அந்த வண்ணக் கையுறைகளை இரவில் பரிசாக வைக்கிறாள். ஒரு ஜோடிக் கையுறையில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. படம் அத்தனை நேரம் எழுப்பிய கேள்விக்கு இது மிகவும் மலிவான பதில்.

மறுமொழி 3 – ஒளியும் நிழலும்

கதையைப் பற்றி இருவரும் விரிவாக எழுதிவிட்டீர்கள். நான் உருவாக்கம் பற்றி மட்டும் சில செய்திகளைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்தப் படத்தில் கைவேலையையும் கதையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

லைக்கா (Laika) என்னும் அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்தின் முதல் முழுநீளப் படம் இது. இயக்கியவர் ஹென்றி செலிக். ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் பொம்மையை மயிரிழை அசைத்து, கேமராவை இம்மி நகர்த்தி, இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீள ஸ்டாப் மோஷன் படம் இதுவே. முகங்களை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்து, நெற்றிப் பகுதியையும் வாய்ப் பகுதியையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் கோரலைனுக்கு மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட முகபாவங்கள் கிடைக்குமாம். இரண்டு பகுதிகளும் சேரும் கோட்டைப் பின்னர் கணினியில் அழித்துவிட்டார்கள். அவள் அணியும் நட்சத்திரம் பதித்த கம்பளிச் சட்டை உண்மையாகவே பின்னப்பட்டது. கம்பி போன்ற மெல்லிய ஊசிகளால், விரலளவு ஆடைகளைப் பின்னும் கலைஞர் ஒருவரின் கைவண்ணம். மரங்களில் பூத்திருப்பவை வண்ணம் தீட்டிய சோளப்பொரி.

இதையெல்லாம் வியப்புக்காக அடுக்கவில்லை. இன்னொரு அம்மா ஊசியும் நூலும் கொண்டு உலகத்தையே தைத்து உருவாக்குகிறவள். படத்தை எடுத்தவர்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அதனால்தான் தொடக்கக் காட்சியில் அந்தக் கைகளின் திறமையைப் பார்த்து ஒரே நேரத்தில் ரசிக்கவும் நடுங்கவும் செய்கிறோம். முழுக்கக் கணினியில் வரைந்த படத்தில் இந்த உணர்வு வந்திருக்குமா என்பது ஐயமே.

ஒரு பலவீனத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிஜ வீட்டின் அறைகளை ஆழம் குறைவாக, நசுங்கினாற்போல் கட்டினார்கள். மாற்று வீட்டின் அறைகளை உள்ளே நீளும்படி கட்டினார்கள். திரையரங்கில் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பார்த்தவர்களுக்கு முதல் உலகில் மூச்சு முட்டும். கதவைத் தாண்டியதும் இடம் விரியும். பெண் ஏன் அங்கே திரும்பத் திரும்பப் போகிறாள் என்பதை வசனமே இல்லாமல் உடல் உணர்ந்துவிடும். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி காணாமற்போகிறது. நிறம் மட்டுமே மிஞ்சுகிறது. அதனால் முதல் இருபது நிமிடங்கள் நசுக்கப்பட்ட உலகமாகத் தெரியாமல், வெறுமனே மங்கலான, மெதுவான தொடக்கமாகத் தெரிகின்றன. சிறு திரையை நம்பி எடுக்கப்பட்ட படம் அன்று என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

மறுமொழி 4 – மரப்பாச்சி

பழைய வாசகர் ஐயாவுக்கு: கிணற்றடிக் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். நாவலின் முடிவு நீங்கள் விவரித்தபடியானால், அதை விட்டுக்கொடுத்தது பெரிய இழப்பு. ஆனால் வைபியால் படத்துக்குக் கிடைத்த ஒன்றை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நிஜ உலகில் ஓயாமல் பேசுகிறவன் என்பதால், மாற்று உலகில் அவனைப் பேச்சே இல்லாதவனாக இன்னொரு அம்மா படைத்திருக்கிறாள். கோரலைன் அதைப் பார்த்து முதலில் மகிழ்கிறாள். பிறகு ஒருநாள், அவன் முகம் வாடியிருந்த குற்றத்துக்காக, அவன் வாயின் இரண்டு ஓரங்களும் மேல்நோக்கி இழுத்து, சிரிப்பாகத் தைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறாள். நான் கேட்ட வரம்தானே இது என்று அவள் உணர்கிற அந்த இடம் நாவலில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. காப்பாற்றுபவனாக வைபி தேவையில்லை. ஆனால் தைக்கப்பட்ட வாயாக அவன் தேவைப்பட்டான்.

கையுறை விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். அம்மா மாறவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, எதையும் நினைவில் வைத்திருக்கவும் இல்லை. அவள் எப்போதும் இருந்தபடியே இருக்கிறாள். மகளின் பார்வைதான் மாறியிருக்கிறது. சுடச்சுட விருந்து வைத்தவளைக் கண்டுவிட்டு வந்த பெண்ணுக்கு, கழுத்துக் காயத்துக்குக் கட்டிய பட்டையோடு, வேலைக் களைப்போடு, நள்ளிரவில் கையுறையை வைத்துவிட்டுப் போகிற அம்மாவின் மதிப்புத் தெரிகிறது. அது மலிவா என்ன?

மறுமொழி 5 – கண்ணாமூச்சி

கேள்வி கேட்ட அம்மாவுக்கு, நடைமுறை சார்ந்து சில சொற்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் வெவ்வேறு வயதில் இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். ஒன்று சரியாக நடந்தது, இன்னொன்று சொதப்பியது.

அமெரிக்காவில் இதற்குப் 'பிஜி' சான்று, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற தரம், வழங்கப்பட்டது. பொம்மைப் படம்தானே என்று நினைத்து அப்போது 5 வயதாக இருந்த மகனையும் உட்கார வைத்தேன். அவனைக் கலங்கடித்தது பொத்தான் கண்கள் அல்ல. அம்மாவின் முகம் மாறத் தொடங்கியதுதான். நாற்காலியில் அமர்ந்திருந்தவள் நீண்டுகொண்டே போனபோது என் மடியில் ஏறியவன், படம் முடியும்வரை இறங்கவில்லை. அன்றிரவு என் முகத்தை அவ்வப்போது தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கினான்.

பிள்ளைகளின் திரைப்பட அச்சங்களைப் பல ஆண்டுகள் ஆய்ந்த ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய பிள்ளைகளை அச்சுறுத்துவது பெரும்பாலும் தோற்றம். பழகிய முகம் கண்முன்னே உருமாறுவது அவர்களை உலுக்கிவிடும், மாறியபின் அது நல்ல உருவமாகவே இருந்தாலும் சரி. வளர்ந்த பிள்ளைகளை அச்சுறுத்துவது இப்படி நடந்தால் என்னாகும் என்ற எண்ணம். அதனால் சின்னக் குழந்தையிடம் இது வெறும் பொம்மைதான் என்று விளக்கம் சொல்வதைவிட, அணைத்துக்கொள்வதே பயன் தரும் என்கிறார். இந்தப் படத்தின் தனித்தன்மையே இதில்தான் இருக்கிறது: அது இந்த இரு வயதுப் பிரிவினரையும் ஒரே பாத்திரத்தால் அச்சுறுத்துகிறது. உருமாறும் முகம் சிறியவர்களுக்கு. அம்மா விற்கப்பார்க்கிற அன்பு வளர்ந்த பிள்ளைகளுக்கு. பலம் என்று மரப்பாச்சி சொன்னதே 5 வயதுப் பிள்ளைக்கு முன்னால் பலவீனமாகிவிடுகிறது. 9 வயது உங்கள் மகளுக்குச் சரியான வயதாகவே தோன்றுகிறது.

யாரும் குறிப்பிடாத ஒரு குறையையும் சொல்லவேண்டும். கீழ்த்தளத்தில் வாழும் முன்னாள் நடிகைகளான ஸ்பிங்க், ஃபோர்சிபிள் என்ற இரு மூதாட்டிகளின் மேடைக் காட்சி. அரைகுறை ஆடையில் அவர்களின் பருத்த உடலைக் காட்டிச் சிரிக்க வைக்கும் பகுதி நீளமாகவும் தேவையற்றதாகவும் இருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பிறகு நீங்கள்தான் பேசவேண்டியிருக்கும். முதுமையையும் பருமனையும் கேலிக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம், மற்ற இடங்களில் இத்தனை கவனமாக இருக்கும் படத்துக்குப் பொருந்தவில்லை. இறந்துபோன நாய்களைப் பாடம் செய்து, இறக்கை மாட்டி அடுக்கில் வைத்திருப்பதும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமல் போகலாம். என் மகளோ அதைத்தான் மிகவும் ரசித்தாள்.

பகலில் காட்டுங்கள். தொடக்கக் காட்சியைத் தாண்டிவிட எண்ணவேண்டாம்; பின்னால் தேவைப்படும்.

மறுமொழி 6 – மழைப்பூனை

எல்லோருக்கும் நன்றி. கண்ணாமூச்சி அவர்கள் சொன்னபடி, விடுமுறை நாளில், திரைச்சீலையை விலக்கிவைத்துவிட்டு, நண்பகலில் பார்த்தோம். நான் உணர்ந்த தளர்ச்சிக்குப் பழைய வாசகர் சொன்ன காரணமே பொருத்தம் என்று இம்முறை உறுதியானது. கண்களைத் தேடும் பகுதியில் மகள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நிறுத்தி வைக்கவா என்றதற்கு வேண்டாம் என்றாள். பொத்தான் பெட்டிக் காட்சியில் அவள் இமைக்கவே இல்லை. கிணற்றடியில் வைபி வந்ததை அவள் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன், கைதட்டினாள்.

ஆனால் நாம் யாருமே பேசாத ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு அப்பா நல்லவரா கெட்டவரா என்று கேட்டாள். தோட்டத்தில் பூச்சி வடிவ எந்திரத்தின்மேல் உட்கார்ந்து கோரலைனைத் துரத்துகிறார். ஆனால் கைகள்தாம் துரத்துகின்றன, வாய் மன்னிப்புக் கேட்கிறது. நீரில் மூழ்குவதற்கு முன் அவரே அந்தக் கண்ணை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பழைய வாசகர் வீடியோ கேம் என்று சொன்ன பகுதியின் நடுவிலேயே இப்படியொரு பாத்திரம் இருந்ததை நான் இரண்டு முறை பார்த்தும் கவனிக்கவில்லை. தீயவளால் படைக்கப்பட்டவர்கள் எல்லோரும் தீயவர்கள் அல்லர் என்று காட்டுவது ஒரு சிறுவர் படத்துக்குச் சாதாரண துணிச்சல் இல்லை.

அடுத்த கேள்வி வாய் தைக்கப்பட்ட பையனைப் பற்றியது. கோரலைனைத் தப்பிக்க வைத்தபின் அவன் ஏன் கூடவே வரவில்லை என்றாள். அவன் கையுறையைக் கழற்றியதும் கை தூளாக உதிர்கிற காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவன் அந்த உலகத்திலேயே செய்யப்பட்டவன், அதனால் வெளியே வர முடியாது என்றேன். பிறகு அவன் உடுப்பு மட்டும் கம்பத்தில் தொங்குகிற காட்சி வந்தது. சற்றுநேரம் பேசாமல் இருந்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னாள்: "முதல்ல அந்தப் பொம்மையப் பிரிச்சு, உள்ள இருந்தத எடுத்துட்டு, வேற தூள் போட்டுத் தைச்சாங்கல்லம்மா? துணி இருக்கில்ல. அவனையும் தைச்சுடலாம்."

யார் தைப்பது என்று நான் கேட்கவில்லை.